காலிக் கூடையில் போன மாத்திரை

1

பரதேசம் என்றால் விமானம் ஏறிப் போவதுதான் என்று நம் ஊரில் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். துபாய்க்குப் போனவன் திரும்பி வந்தால் வீடு நிறைய ஆள் கூடுகிறது. என்னைப் பார்த்தால், "கேரளாவுலதான இருக்க, இந்தா இருக்கு" என்று சொல்லிவிட்டு உங்கள் பாட்டுக்குப் போய்விடுகிறீர்கள். இந்தா இருக்கிறதுதான், இல்லை என்று சொல்லவில்லை. குமுளி தாண்டி ஒரு ரேஷன் கார்டுக்கு அலைந்து பாருங்கள், அப்புறம் தெரியும் தூரம். ஊரில் பெயர் நீக்கிய சான்று கொண்டுவா என்று இங்கே சொன்னார்கள். அங்கே இருப்பதற்கான சான்று கொண்டுவா, நீக்குகிறோம் என்று அங்கே சொன்னார்கள். நடுவில் நான் பஸ்ஸிலேயே பாதி ஆயுளைக் கழித்தேன்.

மட்டாஞ்சேரியில் ஒரு கோயில் சந்தில் பூக்கடை வைத்திருக்கிறேன். நிலக்கோட்டைப் பக்கத்துக்காரன். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இப்போதும் இந்தச் சந்தில் நான் "அண்ணாச்சி"தான், பெயர் யாருக்கும் தெரியாது. என் மனைவி செல்வி என்னோடு கடையில் உட்கார்ந்து பூக் கட்டுகிறாள். மகள் நித்யா பிளஸ் டூ படிக்கிறாள். மலையாளத்தில் கட்டுரை எழுதிப் பரிசு வாங்குவாள். தமிழைக் கடைப் பலகையில் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். ஒருமுறை ஊருக்குக் கூட்டிப்போனபோது, போதும் என்பதற்கு மலையாளத்தில், "எனிக்குச் சோறு மதி" என்று அவள் சொன்னதைக் கேட்டுச் சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதற்குப் பிறகு ஊருக்கு என்றால் அவளுக்கு உடனே பரீட்சை வந்துவிடுகிறது.

இந்த வாரம் என் மைத்துனன் முத்து செத்து வருஷம் திரும்பியது. செல்விக்கு இருந்த ஒரே தம்பி. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவன். நெஞ்சு வலியில் போய்விட்டான் என்று ஊரெல்லாம் பேச்சு. இல்லை. செல்வி ஆசையாக அனுப்பிய வலி மாத்திரையைத் தின்றுதான் செத்தான். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிட்டேன். எழுதாமல் வைத்திருந்தால் என் மண்டை வெடித்துவிடும் போல இருக்கிறது.

2

கூடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பூ நிலக்கோட்டையிலிருந்து வண்டியில் வருகிறது. மல்லிகை, சம்பங்கி, கோழிக்கொண்டை எல்லாம் மூங்கில் கூடையில் ஈரச் சாக்குப் போட்டு மூடி வரும். பூவைக் கொட்டிக்கொண்டு காலிக் கூடையைத் திரும்ப ஏற்றிவிட வேண்டும். ஆனால் இங்கே இருக்கும் எங்கள் ஆட்களில் ஒருவர்கூடக் கூடையைக் காலியாக அனுப்ப மாட்டார். அடியில் ஏதாவது ஒன்று போகும். நேந்திரங்காய் சிப்ஸ், தேங்காய் எண்ணெய், பஜார் ரோட்டில் வாங்கிய ஏலக்காய், பிள்ளைகளுக்குப் பென்சில் டப்பா. மேலே சாக்கைச் சுற்றி, ஒரு துணித் துண்டில் வீட்டு அடையாளமாக முடிச்சுப் போட்டுவிடுவோம். அங்கே வண்டி நின்றதும் அவரவர் வீட்டு ஆள் வந்து எடுத்துக்கொள்ளும்.

சிப்ஸைவிட ஊரில் அதிகம் கேட்பது மருந்து. கேரளா மருந்து என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு அப்படி ஒரு நம்பிக்கை. தைலம், மேலுக்குத் தேய்க்கிற குழம்பு, அரிஷ்டம் என்று ஆரம்பித்து, ஆஸ்பத்திரி மாத்திரை வரைக்கும் வந்துவிட்டது. இங்கே ஒருவருக்குக் காய்ச்சல் தீர்ந்தால் மிச்ச மாத்திரை கூடையேறிவிடும். சளி மருந்து பாதிப் பாட்டிலோடு போகும். யாருக்கு, என்ன வியாதிக்கு, எவ்வளவு என்று ஒரு கேள்வி கிடையாது. "அங்க உள்ள டாக்டர் எழுதுனது, நல்லாக் கேக்கும்" என்பார்கள். தூக்கிப் போட மனசு வராது. அரைச் சீப்பு வாழைப்பழத்தைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்பதும் இதுவும் எங்களுக்கு ஒன்றாகப் போய்விட்டது.

நானும் அனுப்பியவன்தான். யோக்கியன் மாதிரி பேச வரவில்லை.

3

போன வருஷம் மழைக்காலத்தில் செல்வி கடை வாசலில் வழுக்கி விழுந்தாள். இடுப்புக்குக் கீழே தொடை எலும்பு முறிந்துவிட்டது. எறணாகுளத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துத் தைத்தார்கள். வலியென்றால் சாதாரண வலியில்லை. பிரசவத்துக்கு முனகாதவள், அந்தக் கட்டிலில் கிடந்து என் கையைக் கடித்தாள். வீட்டுக்கு வரும்போது ஒரு வலி மாத்திரை கொடுத்தார்கள். அதைப் போட்டால் பட்டென்று வலி அடங்கிவிடும், ஆளும் தூங்கிவிடுவாள். சில நாளில் வலி குறைந்தது, அவளே அதை நிறுத்திவிட்டாள். அட்டையில் நிறைய மிச்சம்.

வார்டை விட்டுக் கிளம்பும்போது நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினார். "வேதன குறஞ்ஞால் நிர்த்தணம். பாக்கி வந்நால் இவிடெ திரிச்சு கொண்டுவரணம். வேறெ ஆர்க்கும் கொடுக்கருது, கேட்டோ?" வலி குறைந்தால் நிறுத்த வேண்டும், மிச்சத்தை இங்கேயே திருப்பிக் கொண்டுவர வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் செல்வி, "சரி சேச்சி, சரி சேச்சி" என்று தலையாட்டினாள். மலையாளம் அவளுக்கு நன்றாகவே புரியும். புரியாமல் நடந்தது என்று யாரும் நினைக்க வேண்டாம். ஆட்டோவில் ஏறியதும் என்னிடம் சொன்னாள், "பாத்தீங்களா கொள்ளைய? நாம காசு குடுத்து வாங்குனத நாமளே திருப்பிக் குடுக்கணுமாம். அத வாங்கி இன்னொருத்தன்கிட்ட விக்கிறதுக்குத்தான?" எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சிரித்தேன்.

அந்தச் சமயத்தில் முத்துவுக்கு முதுகு வலி. டிராக்டர் சீட்டில் குலுங்கிக் குலுங்கி வந்த வலி. தினம் போனில் அக்காவிடம் புலம்புவான். "எனக்குப் போட்டாங்கல்ல ஒரு மாத்திரை, எலும்பு ஒடஞ்ச வலியவே ஒக்கார வச்சிருச்சு. ஒன் முதுகு எந்த மூலைக்கு?" என்று இவள் சொன்னாள். மறுநாள் காலிக் கூடையில் ஏற்றிவிட்டாள். துணித் துண்டில் ரெட்டை முடிச்சு, அதுதான் எங்கள் வீட்டு அடையாளம்.

முத்துவுக்கு மாத்திரை நன்றாகக் கேட்டது. "யக்கா, பஞ்சு மெத்தையில படுத்த மாதிரி இருக்குக்கா" என்று சிரித்துக்கொண்டே போன் பேசினான். செல்விக்கு அன்றைக்கெல்லாம் தலைகால் புரியவில்லை. ஒன்று கேட்டது, அதனால் இரண்டு போட்டிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் கூட்டாளிகளோடு குடித்திருக்கிறான். அதன் மேல் மாத்திரையையும் போட்டுக்கொண்டு படுத்தான். காலையில் அவன் மனைவி ராசாத்தி காபி கொண்டுபோய் எழுப்பினாள். எழுந்திருக்கவில்லை.

செல்வியால் நடக்க முடியாது. காரில் படுக்கவைத்துக் கொண்டுபோனேன். குமுளி மலை இறங்கும் வரைக்கும், "மெதுவா ஓட்டச் சொல்லுங்க, அவன் எங்கயும் போக மாட்டான்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அந்தப் பேச்சு இப்போதும் என் காதை விட்டுப் போகவில்லை.

4

காரியம் முடிந்து திரும்பிய பிறகு செல்வியைத் தையல் பார்க்கக் கூட்டிப்போனேன். அவளை எக்ஸ்ரே எடுக்க உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, டாக்டரிடம் சும்மா கேட்கிற மாதிரிக் கேட்டேன். துணைக்கு நித்யா இருந்தாள். ஆஸ்பத்திரி, பேங்க், வில்லேஜ் ஆபீஸ் எல்லாவற்றுக்கும் எனக்கு அவள்தான் வாய். இந்த மாத்திரையை வேறு ஒருவர், குடித்துவிட்டுப் போட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். யாருக்குக் கொடுத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்டார். பிறகு பொறுமையாகச் சொன்னார். அது அபினி வகையைச் சேர்ந்த மருந்து. வலியை மட்டும் அடக்காது, மூச்சையும் மெதுவாக்கும். உடம்பு பார்த்து, எடை பார்த்து, மற்ற மருந்து பார்த்து எழுதுவது. குடியோடு சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுவிடலாம், பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. நித்யா இதை எனக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள். "ஸ்வாசம்..." என்றவள் அப்படியே நின்றுவிட்டாள். மாமன் அவளுக்குக் காது குத்தியபோது மடியில் வைத்திருந்தவன் அல்லவா. எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

வரும் வழியில் படகில், செல்வி வெலிங்டன் தீவுப் பக்கம் நின்ற கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நித்யா என் காதருகில் வந்து, "அம்மாட்ட பறயண்டா அப்பா" என்றாள். பறயண்டா, சொல்ல வேண்டாம். நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உன் தம்பியை நீதான் கொன்றாய் என்றா? அந்த வாயை எந்தக் கடையில் வாங்குவது?

ஆனால் சொல்லாமல் இருப்பதும் லேசாக இல்லை. துக்கம் விசாரிக்க யார் வந்தாலும் செல்வி ஒரு வார்த்தை சொல்லி மனசைத் தேற்றிக்கொள்வாள். "கடைசி நாள்லயாச்சும் வலியில்லாமப் படுத்தான். நான் அனுப்புன மாத்திரைதான். அந்தப் புண்ணியமாவது எனக்குக் கெடச்சுச்சே." இதைக் கேட்கும்போதெல்லாம் நித்யா எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுவாள். நான் பூவைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வருஷம் முழுக்க இப்படித்தான் போனது. அப்பாவும் மகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையே குறைத்துக்கொண்டோம். ஏற்கெனவே அவளுக்கும் எனக்கும் பேச ஒரு மொழிதான் மிச்சம் இருந்தது, அதுவும் அடைத்துப்போனது.

5

விதி என்று சொல்லிச் சமாதானப்பட்டிருப்பேன், மறுபடியும் அதே மாத்திரை வீட்டுக்கு வராமல் இருந்திருந்தால். போன மாதம் செல்விக்கு உள்ளே வைத்த கம்பி இடம் நகர்ந்துவிட்டது. மறுபடி ஆபரேஷன், மறுபடி கட்டில், மறுபடி அதே வலி. மருந்து வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வலியில் துடிப்பவளுக்கு அது வேண்டும்தான். மருந்தைக் குறை சொல்லவில்லை. அவளை அது தாங்கியது. வலி தீர்ந்த பிறகு அலமாரியில் உட்கார்ந்திருந்ததே மிச்சம், அதைத்தான் சொல்கிறேன்.

ஒவ்வொரு நாளும் அலமாரியைத் திறக்கும்போது அது கண்ணில் பட்டது. செல்வி மாத்திரையை நிறுத்தி ஒரு வாரம் இருக்கும். கடையை நித்யாவிடம் விட்டுவிட்டு, அலமாரியில் இருந்ததைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் எங்கள் சந்து முனை மெடிக்கல் ஷாப். "பொளிச்ச ஸ்டிரிப் எடுக்கில்ல அண்ணாச்சி." பிரித்த அட்டையைத் திருப்பி எடுக்க மாட்டானாம். காசு வேண்டாம் தம்பி, மாத்திரையை மட்டும் வாங்கிக்கொள் என்றேன். அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். காசு வேண்டாம் என்று மாத்திரையை நீட்டுகிறவனை யார் நம்புவார்கள்? வீடு வீடாகப் பிளாஸ்டிக் எடுக்க வரும் சேச்சிமாரிடம் கேட்டேன். மருந்து எங்கள் கணக்கில் இல்லை என்றார்கள். பிறகு படகேறி, ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்கே போனேன். ஃபார்மசியில் பில் கேட்டார்கள். பில் கவுண்டரில் டிஸ்சார்ஜ் பேப்பர் கேட்டார்கள். அங்கிருந்து வேறொரு ஜன்னலுக்கு அனுப்பினார்கள், ஜன்னலில் ஆள் சாயா குடிக்கப் போயிருந்தார். வந்தவர் மாத்திரையின் பெயரைப் படித்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "அய்யோ சேட்டா, இது எனிக்கு எடுக்கான் பற்றில்ல." அவரால் அதை வாங்க முடியாதாம்.

எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. கொடுப்பதற்கு அத்தனை பேர் இருந்தீர்களே, வாங்குவதற்கு ஒருத்தரும் இல்லையா? வராந்தாவில் நின்று தமிழில் சத்தம் போட்டேன். கோபம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வரும். செக்யூரிட்டி ஓடிவந்தார். நல்ல வேளை, போன தடவை செல்விக்குச் சொல்லி அனுப்பிய அதே நர்ஸ் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு உள்ளே கூப்பிட்டார். இன்னொரு நர்ஸைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு எண்ணி வாங்கினார். "நிங்ஙள் கொண்டுவந்நல்லோ, வலிய காரியம்" என்றார். கொண்டுவந்தீர்களே, அதுவே பெரிய காரியம் என்று.

எங்கள் ஊரில் வாங்க ஆளே இல்லையென்றால் என்ன செய்வது என்று அவரிடம் கேட்டேன். உங்களுக்காகத்தான் கேட்டேன். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்து, குடித்து முடித்த சாயாச் சக்கையிலோ சேற்று மண்ணிலோ பிசைந்து, ஒரு கவரில் இறுகக் கட்டி, குழந்தையும் நாயும் எடுக்காதபடி குப்பையில் சேர்க்கச் சொன்னார். திருப்பி வாங்கும் ஆஸ்பத்திரி இருந்தால் அதுதான் நல்லது என்றார். எதுவானாலும் வலி நின்ற அன்றைக்கே செய்துவிட வேண்டும். நாளைக்கு, அடுத்த வாரம் என்று வைக்கக் கூடாது. இதைப் படிக்கிறவர்கள் இப்போதே எழுந்து அலமாரியைப் பாருங்கள். மானம் கெட்டுப்போய்க் கேட்கிறேன், பாருங்கள்.

6

மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நெஞ்சு லேசாக இருந்தது. செல்வி காலை நீட்டி உட்கார்ந்து மாலை கட்டிக்கொண்டிருந்தாள். நித்யா கடையிலிருந்து சாப்பிட வந்திருந்தாள்.

"அலமாரியில இருந்த மாத்திரைய எங்கங்க?"

"ஆஸ்பத்திரியில திருப்பிக் குடுத்துட்டேன்."

"கிறுக்கா ஒங்களுக்கு? கொள்ளைக்காரப் பயலுகளுக்கா குடுத்தீங்க?" என்று திட்டினாள். பிறகு சிரித்துக்கொண்டாள். "போகட்டும் விடுங்க. ஒரு அட்டைய நேத்தே ராசாத்திக்கு அனுப்பிட்டேன். பூக்காட்டுல குனிஞ்சு குனிஞ்சு அவளுக்குக் கழுத்தே திரும்பலயாம். திதிக்கு என்னாலதான் போக முடியல. சேலைக்குள்ள வச்சுக் கூடையில விட்டேன்."

நித்யா தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஒரு வருஷமாகப் பார்க்காத பார்வை. "அப்பா, விளிக்கு. வேகம் விளிக்கு" என்று என் போனைக் காட்டினாள்.

என் போனில் பூத் தண்ணீர் இறங்கி, ஸ்பீக்கரில் போட்டால்தான் கேட்கும். வெளியே போய்ப் பேசியிருக்கலாம். அந்தப் பதற்றத்தில் அது தோன்றவில்லை. நடுவீட்டில் நின்றே கூப்பிட்டேன்.

"ராசாத்தி, கூடை வந்துருச்சாம்மா?"

"வந்துருச்சுண்ணே. சேலை நல்லாருக்கு. மதினி எதுக்கு இம்புட்டுச் செலவு பண்ணுது?"

"சேலைக்குள்ள ஒரு மாத்திரை அட்டை இருக்கும். அதத் தொடாத தாயி."

"ஏங்க, அவளுக்குத்தான்..." என்று செல்வி ஆரம்பித்தாள். நான் கையைக் காட்டினேன். "அதப் போட்டுராத. முத்து... முத்து நெஞ்சு வலியில சாகல. அந்த மாத்திரையாலதான்."

செல்வியின் கையிலிருந்த நார் அப்படியே நின்றது. லைன் போய்விட்டதோ என்று, "ராசாத்தி, ராசாத்தி" என்றேன்.

"தெரியும்ண்ணே" என்றாள்.

"என்னது?"

"காரியம் முடிஞ்ச மறுவாரம் அட்டையக் கொண்டுபோயி டாக்டரம்மாட்டக் காட்டுனேன். அவுக சொல்லிட்டாக. நான்தான் நெஞ்சு வலின்னே இருக்கட்டும்னு விட்டுட்டேன். யாருட்டயும் மூச்சு விடல. இப்ப வந்ததையும் பிள்ளைக கைக்கு எட்டாம எறவானத்துல சொருகி வச்சிருக்கேன். ஒங்களுக்கும் தெரியுமா? தெரிஞ்சா மதினிகிட்ட மட்டும் சொல்லிராதீங்கண்ணே. தம்பி தம்பின்னு உசிர வச்சிருந்துச்சு. கேட்டா அது உசிரோட இருக்காது."

செல்வி கையை நீட்டினாள். போனைக் கொடுக்காமல் இருக்க எனக்குத் தெம்பு இல்லை. வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நித்யா, "அம்மா" என்று தோளைப் பிடித்தாள், அதைத் தட்டிவிட்டாள்.

"ராசாத்தி, நான்தான்டி."

அந்தப் பக்கம் ஒரு கேவல் கேட்டது.

"வாராவாரம் எங்கிட்டப் பேசுனியேடி. சாப்ட்டியா மதினி, கால் வலிக்குதா மதினின்னு கேட்டியேடி" என்றாள் செல்வி. அவள் அழவில்லை. கணக்குக் கேட்கிற குரலில் கேட்டாள். "புருசனக் கொன்னவகிட்ட அப்படிப் பேசுவாங்களா? நீயாச்சும் என்னைத் திட்டியிருக்கலாமேடி. ஒரு வார்த்தை திட்டியிருந்தா, இன்னைக்கு இத ஒனக்கு அனுப்பியிருப்பேனா?"

போனில் அழுகை மட்டும்தான் கேட்டுக்கொண்டிருந்தது. ஆனால் செல்வி அதைச் சொல்லும்போது போனைப் பார்க்கவில்லை. என்னையும் நித்யாவையும்தான் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.